வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை

“அதைத் தொடாதீங்க.”

நாரே சொன்ன வேகத்தில் அவன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் மடியிலிருந்த பெட்டியை வாங்கி மேல் தட்டில் வைக்கலாம் என்று நல்லெண்ணத்தில்தான் கையை நீட்டியிருந்தான்.

“மேல இடம் இருக்கு, வச்சுத் தரலாம்னு...”

“வேண்டாம்.”

“சியோல் போறதுக்குள்ள கால் மரத்துப் போயிரும்ங்க.”

“என் கால்தானே.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கே தன் குரல் கடுமையாகக் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாமா... மனம் வரவில்லை. காலையிலிருந்து அவளிடம் மிச்சமிருந்த பொறுமை எல்லாம் துண்டு சுற்றிய அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தது.

காங்னுங்கிலிருந்து பேருந்து கிளம்பியபோது பனி மெல்லத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கடல் பார்க்க வந்த கூட்டம் திரும்பிக்கொண்டிருந்ததால் ரயிலில் இடமில்லை. இந்த வண்டியில் மிச்சமிருந்ததும் ஜோடியாக இரண்டே இருக்கைகள். ஜன்னல் கண்ணாடியின் குளிர் பெட்டியில் பட்டுவிடக் கூடாது என்று அவள் நடைபாதை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் அவனுக்குப் போனது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். புதிதாக வெட்டிய முடி. மடிப்புக் கலையாத சட்டை, அதன்மேல் தடித்த பஞ்சுக்கோட்டு. சிரிக்காதபோதும் சிரிக்கக் காரணம் தேடுகிற மாதிரி கண்கள். காலடியில் ஒரு காகிதப் பை. அதிலிருந்து மஞ்சள் ஃப்ரீசியா பூங்கொத்து ஒன்று கசங்கி எட்டிப் பார்த்தது.

“உள்ள ஏதோ நகருதே,” என்றான் சற்று நேரம் கழித்து.

“ஆமா.”

“கேக் இல்லையா?”

“கேக் நகராது.”

அவள் மூடியை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து உள்ளே பார்த்தாள். அவனும் எட்டிப் பார்த்தான். அடுத்த கணம் அவன் முதுகு ஜன்னலோடு ஒட்டியிருந்தது.

“பல்லி...”

“சிறுத்தைப் பல்லி.”

“சிறுத்தை வேறயா...”

“உடம்புல புள்ளி இருக்கறதால அந்தப் பேரு. சுவர்ல ஏறாது. உங்கமேல தாவாது. உடம்பு சரியில்ல. தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க.”

“நான் எங்க சத்தம் போட்டேன்? எனக்குச் சத்தமே வரல.”

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

மலைச்சாலை ஏறத் தொடங்கியது. அவன் கைபேசி அதிர்ந்தது.

“அக்கா... இல்லக்கா, வரல.” குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனால் பக்கத்து இருக்கை எவ்வளவு தூரம்? “காப்பிக்கடையில உக்காந்து உக்காந்து கடைசியா ஒரு மெசேஜ் வந்துச்சு. வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம். ஆமா, அதே வரிதான். அப்பாவா, அம்மாவா, ஒண்ணும் கிடையாது. ‘ஒருத்தருக்கு’. பொய் சொல்றதுலயும் சோம்பேறித்தனம்... என்னது? சிம் நாரே. ஆமா, பேரு நல்லாத்தான் இருக்கு... பூவா? கையிலதான் இருக்கு. டிரைவருக்குக் குடுக்கட்டுமா?”

நாரேவின் காது மடல் சூடேறியது. பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

பியோ சான்ஹா.

அம்மாவின் தோழி பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை. சியோல்காரன். படம் அனுப்புவதாகச் சொன்னபோது இருவருமே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று. இன்று மத்தியானம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில்... அவளும் புது ஸ்வெட்டர் எடுத்து வைத்திருந்தாள். விடிந்து பெட்டியைத் திறந்தபோது அவள் பல்லி கம்ஜா எழுந்து வரவில்லை. ஊர் முழுவதும் போன் செய்தும் பல்லி பார்க்கும் டாக்டர் கிடைக்கவில்லை. கடைசியில் சியோலில் ஒரு மருத்துவமனை, ஆறு மணிக்குள் கொண்டுவரச் சொன்னது. அவனுக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்பதே அவளுக்கு மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

‘என் பல்லிக்கு உடம்பு சரியில்லை’ என்று எழுதி, அழித்தாள். போன வருஷம் ஒருவன், அவள் பல்லி வளர்க்கிறாள் என்று தெரிந்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். இன்னொருவன், “கல்யாணத்துக்கு அப்புறம் அதை என்ன பண்றதா உத்தேசம்?” என்று கேட்டான், பழைய சோபாவைப் பற்றிக் கேட்பதுபோல. “இந்தத் தடவ பல்லி விஷயத்துல வாயே திறக்காத,” என்று அம்மா கெஞ்சியிருந்தாள்.

அதனால்தான் அந்த ‘ஒருவருக்கு’.

இப்போதே சொல்லிவிடலாம். ‘அந்த நாரே நான்தாங்க.’ மூன்றே வார்த்தை... அவள் வாயைத் திறந்தாள்.

“நேரா ‘எனக்கு இஷ்டமில்ல’ன்னு சொல்லியிருந்தா கோவமே வந்திருக்காதுக்கா,” என்று முடித்தான் அவன். “பொய் சொல்றவங்களத்தான் என்னால தாங்க முடியல.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

*

கணவாயைத் தொடுவதற்குள் பனி கனத்துவிட்டது. சுரங்கப்பாதைக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பேருந்தும் நின்றது.

ஓட்டுநர் எழுந்து திரும்பினார். “முன்னாடி லாரி ஒண்ணு குறுக்க திரும்பி நிக்குதாம். அதை எடுத்தாத்தான் வழி. டீசல் தீர்ந்துடக் கூடாது, அப்பப்போ எஞ்சின அணைப்பேன். கோட்ட கழட்டாதீங்க.”

எஞ்சின் அணைந்தது. ஹீட்டரும் அணைந்தது. பனி விழுகிற சத்தமின்மை வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது.

நாரே துண்டுக்கடியில் கையை விட்டுப் பார்த்தாள். பெட்டியின் இருபுறமும் கட்டியிருந்த ஹாட்பேக் சூட்டுப் பொட்டலங்கள் இரண்டும் வெதுவெதுப்புக்கு இறங்கியிருந்தன. மூடியைத் திறந்தாள். கம்ஜா ஈரத் துணிமேல் படுத்திருந்தது. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள் மங்கித் தெரிந்தன. கொழுத்திருந்த வால் சுருங்கிவிட்டது. பல்லிக்கு இமை உண்டா என்று கேட்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் அது கண்ணை மூடும்போது, மறுபடி திறக்குமா என்று அவள் குனிந்து பார்த்தாள்.

“என்ன... என்ன ஆச்சு அதுக்கு?” ஜன்னலோடு ஒட்டியபடியே கேட்டான் சான்ஹா.

“முட்டை. வெளிய வரமாட்டேங்குது. பாருங்க, வயித்துல வெள்ளையா ரெண்டு தெரியுதா? உள்ளயே சிக்கியிருக்கு. இன்னிக்குள்ள எடுக்கலன்னா...” அவள் முடிக்கவில்லை.

அவன் தன் கோட்டுப் பையைத் துழாவி ஒரு ஹாட்பேக்கை எடுத்தான். உறையைக் கிழித்தான், குலுக்கினான், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பெட்டிக்குள் போட்டுவிட்டான்.

அவள் பாய்ந்து எடுத்தாள். “உள்ள போடாதீங்க. இது சூடாகறதே காத்தைத் தின்னுதான். மூடின பெட்டியில இருக்கற காத்தையெல்லாம் இதுவே குடிச்சிரும். வயித்துல பட்டா தோலும் வெந்துபோகும்.”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

“தெரியலன்னா கேக்கணும்.”

அவன் முகம் சிவந்தது. இவ்வளவு பயந்தவன் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“சரி,” என்றான் அவன். “கேக்கறேன். எங்க வைக்கட்டும்?”

கோபத்தில் ஒரு வார்த்தை வந்திருந்தால் அவளால் பதில் சொல்ல முடிந்திருக்கும்.

“வெளிய... துண்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல,” என்றாள் மெதுவாக.

வாங்கும்போது விரல்கள் பட்டன. அவன் திடுக்கிட்டான். “இது கையா, ஐஸ் பெட்டியா? இந்தக் கையில வச்சிருந்தா நாலு ஹாட்பேக் போட்டாலும் நிக்காது. குடுங்க.”

“என்ன?”

“பெட்டிய. என் உடம்பு எப்பவும் கொதிக்கும். எங்கக்கா என்னை அடுப்புன்னுதான் கூப்பிடுவா. கோட்டுக்குள்ள வச்சுக்கறேன்.”

“உங்களுக்குப் பயம்.”

“பயம்தான். கால் இல்லாதது, கால் குட்டையா இருக்கறது, எல்லாமே பயம். அதுக்காக...” எச்சில் விழுங்கினான். “கடிக்குமா?”

“கடிச்சா சொல்லுங்க. சந்தோஷப்படுவேன். அந்தத் தெம்பாவது இருக்கேன்னு.”

பெட்டி கைமாறியது. அவன் கோட்டை விலக்கி, வயிற்றோடு அணைத்து, ஜிப்பை மார்புவரை இழுத்தான். சுவாசிக்க மறந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நடைபாதைக்கு அந்தப்புறம், மடியில் கருவாட்டுக் கட்டோடு இருந்த அம்மாள் இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தாள்.

“புதுசா கல்யாணம் ஆனவங்களா?”

“இல்லம்மா,” என்று இருவர் குரலும் ஒன்றாக வந்தது.

“இல்லன்னா ஆகப்போறவங்க,” என்று அம்மாள் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள்.

பனி கண்ணாடியை மூடிவிட்டது. வெளியே எதுவும் தெரியவில்லை. வெள்ளை... வெறும் வெள்ளை. அந்த வெளிச்சத்தில் அவன் கண்கள் தேன் நிறமாகத் தெரிந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

“இதுக்குப் பேரு இருக்கா?”

“கம்ஜா.”

“கம்ஜான்னா... உருளைக்கிழங்கா?” அவன் சிரித்துவிட்டான். “உங்க பேரு?”

இதோ... வந்துவிட்டது.

“கம்ஜா அம்மான்னு கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“சரி, கம்ஜா அம்மா. என்ன வேலை பாக்கறீங்க?”

பல் மருத்துவமனையில் வேலை என்று சொன்னால் போதும், அம்மாவின் தோழி சொன்னதை வைத்து அவன் கண்டுபிடித்துவிடுவான். “இன்னிக்கு இவளுக்கு நர்ஸ் வேலை. நீங்க?” என்று திருப்பிவிட்டாள், பதில் தெரிந்தே.

“லிஃப்ட் பழுது பாக்கறது. யாராவது உள்ள மாட்டிக்கிட்டா முதல்ல எனக்குத்தான் போன் வரும்.”

“மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்வீங்க?”

“பேரு கேப்பேன். பேரு சொல்லிட்டா பாதி பயம் போயிரும்.” அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்க.”

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நல்லவேளையாகக் கைபேசி அதிர்ந்தது. நல்லவேளையா? திரையில் அம்மா. ஒலியை முடிந்தவரை குறைத்து, காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நாரே, எங்கடீ இருக்க? அந்தப் பையன் வீட்ல இருந்து என்னென்ன பேசறாங்க தெரியுமா? ஒரு பல்லிக்காக...”

“அப்புறம் பேசறேம்மா.” துண்டித்தாள். அவனுக்குக் கேட்டிருக்குமோ? அவன் கவனம் கோட்டுக்குள் இருந்தது.

“வீட்ல திட்டறாங்களா?”

“ம்.”

“எனக்கும் இன்னிக்கு வீட்டுக்குப் போனா இருக்கு. பொண்ணு பாக்க வந்து, பொண்ணப் பாக்காம திரும்பிப் போறேன்.” அவன் லேசாகச் சிரித்தான். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. “வரலன்னா பரவாயில்ல. ஆனா அந்த ஒரு வரி... முன்னாடி ஒருத்திய நிச்சயம் பண்ணியிருந்தாங்க. பாக்கலாம்னு சொல்ற அன்னிக்கெல்லாம் அவ வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போயிரும். நான் பைத்தியக்காரன் மாதிரி பழக்கூடை வாங்கிட்டுப் போய்க் கதவத் தட்டினேன். அவங்கம்மா திறந்தாங்க. ‘எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்’னாங்க.”

சொல்லு, சொல்லு... என்று அவளுக்குள்ளே ஒரு குரல். இப்போது சொன்னால் பெட்டியை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். கம்ஜாவுக்கு அந்தச் சூடு வேண்டும். அதுதான் காரணமா? அது மட்டும்தானா?

“நீங்க எப்படி இந்த... இதை...” அவன் பேச்சை மாற்றினான்.

“பல்லின்னே சொல்லலாம். கோவிச்சுக்க மாட்டா.” அவள் குரல் தானாக மென்மையாயிற்று. “தெரிஞ்சவங்க வேண்டாம்னு குடுத்தாங்க. வேலைக்காக ஊர் மாறி வந்த புதுசு. யாரையும் தெரியாது. ராத்திரி வீட்டுக்குப் போய்க் கதவத் திறந்தா, அந்தச் சத்தத்துக்குக் குகையிலேர்ந்து தலைய நீட்டும். அவ்வளவுதான். வாலாட்டாது, ஓடி வராது. ஒரு பக்கம் சூட்டு விரிப்பு, ஒரு பக்கம் ஈரப்பாசி. புழுவுக்கு மாவு தடவற மாதிரி கால்சியம் பொடி தடவிக் குடுக்கணும். குடுத்தா சாப்பிட்டுட்டுக் கண்ண நக்கிக்கும். தோல் உரிக்கற அன்னிக்கு விரல் நுனியில ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாத்து எடுத்துவிடணும். அவ்வளவு சின்ன விரல்...”

“ம்.”

“போன மாசம் வேலை ஜாஸ்தி. பொடி தடவாம அப்படியே போட்டேன். தனியா இருக்கற பல்லி முட்டை விடாதுன்னு நெனச்சேன். ஆண் துணை இல்லாமலும் முட்டை உண்டாகும், குஞ்சுதான் வராது. அதுக்குத் தோண்ட ஈரமண் வச்சிருக்கணும். வைக்கல. மூலையில நகத்தால கீறிக்கிட்டே இருந்துச்சு. விளையாடறான்னு போட்டோ எடுத்தேன்.” அவள் உதட்டைக் கடித்தாள். “அவ இடம் கேட்டிருக்கா. நான் போட்டோ எடுத்தேன்.”

அவன் கோட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டான், பெட்டி இருந்த இடத்தில்.

எஞ்சின் உறுமியது, சற்று ஓடியது, மறுபடி அணைந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

“கம்ஜா அம்மா.” அவன் குரல் மாறியிருந்தது. “அப்பப்போ கீறிக்கிட்டிருந்துச்சு. இப்போ... கொஞ்ச நேரமா நகரல.”

அவள் ஜிப்பை இழுத்தாள். யார் கோட்டு, யார் மார்பு என்ற நினைப்பே இல்லை. மூடியைத் திறந்தாள். கண் மூடியிருந்தது. விலாப் பக்கம் ஏறி இறங்குகிறதா... தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது.

“எனக்குத் தெரியல... என்னால பாக்க முடியல... நீங்க பாருங்க.”

அவன் குனிந்தான். பல்லிக்கும் அவன் மூக்குக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. “இருக்கு,” என்றான். “மூச்சு இருக்கு. மெதுவா. தொண்டைகிட்ட பாருங்க... இப்போ. இப்போ.”

அந்த அம்மாள் தன் பிளாஸ்கை நீட்டினாள். “பார்லித் தண்ணி. சூடா இருக்கு. பாட்டில்ல ஊத்திப் பக்கத்துல வச்சுக்கோங்க. குடிக்கறதுக்கு எனக்கு வேண்டாம்.” உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

அப்போதுதான் முன்னால் வண்டிகள் அசைந்தன. வழி திறந்துவிட்டது. ஆனால் இனி எப்படிப் போனாலும் ஆறு மணியைத் தாண்டிவிடும். அவளிடமிருந்து எண்ணை வாங்கி அவனே மருத்துவமனையை அழைத்தான். லிஃப்டில் சிக்கியவர்களிடம் பேசும் குரல் இதுதான் போலிருக்கிறது. கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. “பனியில மாட்டிக்கிட்டோம். உயிர் இருக்கு. கொண்டுவந்திருவோம். டாக்டரக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க... பேரா?” அவளிடம் திரும்பினான். “உங்க பேரு கேக்கறாங்க.”

பேருந்து முழுவதும் காத்திருப்பதுபோல இருந்தது அவளுக்கு.

“கம்ஜான்னு சொல்லுங்க,” என்றாள். “அந்தப் பேர்லதான் சொல்லி வச்சிருக்கேன்.”

*

சியோலில் இறங்கியதும் அவன் விடைபெற்றுக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் கோட்டைப் பிடித்தபடி டாக்சியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். பூங்கொத்து பேருந்திலேயே கிடந்தது. அவனுக்கு அது நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

மருத்துவமனைக் கதவைத் தள்ளியதும் நர்ஸ் எழுந்து வந்தாள். “கம்ஜாவா? குடுங்க.” சான்ஹா ஜிப்பை இறக்கிப் பெட்டியை எடுத்து நீட்டினான், பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல. நர்ஸ் வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்துக் கேட்டாள்.

“காலையில போன் பண்ணின சிம் நாரே நீங்கதானே?”

நாரே அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது... பக்கத்தில் ஒரு மனிதன் அசையாமல் நின்றுவிட்டான் என்பது.

“ஆமா,” என்றாள்.

நர்ஸ் உள்ளே போய்விட்டாள்.

“வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல,” என்றான் அவன், ஒவ்வொரு வார்த்தையாக. “பொய் இல்ல அது.”

“இல்ல.”

“பஸ்லயே தெரியுமா, நான் யாருன்னு?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க உங்க அக்காகிட்ட பேசினீங்களே... அப்போலேர்ந்து.”

அவன் தலையை மெல்ல ஆட்டினான். “பனியில வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம்தான் நான் அந்தப் பழக்கூடைக் கதையெல்லாம் சொன்னேன்.”

“சான்ஹா...”

“எம்பேரும் தெரியும்.” அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. “நீங்க காப்பிக்கடைக்கு வராததுகூட பரவாயில்லங்க. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு வராம இருந்தீங்க பாருங்க...”

கதவு திறந்தது. பனிக்காற்று ஒன்று உள்ளே வந்து போனது. அவன் இல்லை.

“கம்ஜா அம்மா, உள்ள வாங்க,” என்று டாக்டர் அழைத்தார்.

அவள் கதவைப் பார்த்தாள். உள்ளறையைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

முதலில் கால்சியம் ஊசி. பிறகு சூட்டுவிளக்கின் கீழே, ஈரப்பாசியில் படுக்கவைத்தார்கள். முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஊசி இன்னொன்று. அதிலும் வரவில்லையென்றால் வயிற்றைத் திறக்கவேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மறுபடி அழைத்தாள். “அந்தப் பையனோட அக்கா ஊர் முழுக்கச் சொல்லிட்டா, எம் பொண்ணு மரியாதை தெரியாதவன்னு. சொல்லிட்டேன் நாரே, இனிமே அவங்க சகவாசமே வேண்டாம். நீயா போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு நம்ம மானத்த வாங்கிடாத.”

“நான் ஏம்மா கேக்கப்போறேன்,” என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். போனவன் போகட்டும். ஒரு வார்த்தை கேட்க நிற்காதவன்... ஆனால் கண்ணாடியில் தெரிந்த தன் முகம் வாசலைப் பார்த்தபடியே இருந்ததை அவள் கவனித்தாள்.

முதல் முட்டை வந்தது. அடுத்தது வரவில்லை. கம்ஜா முன்காலை ஊன்றி, உடம்பை வளைத்து, இறுக்கியது. ஓய்ந்தது. மறுபடி இறுக்கியது. “அவ்வளவுதான்டா... அவ்வளவுதான்டா கண்ணு...” என்று கண்ணாடியோடு முணுமுணுத்தாள் நாரே. அந்தச் சின்ன விரல்கள் பாசியைப் பற்றிக்கொண்டன. டாக்டர் கத்தி இருக்கும் தட்டின் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு கணத்தில், அது நடந்துவிட்டது. பாசிமேல் இரண்டாவது வெள்ளை.

சொட்டுக் குழாயில் நீட்டிய தண்ணீரை கம்ஜா நக்கிக் குடித்தது. இன்றிரவு இங்கேயே இருக்கட்டும், பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர்.

அவளுக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. உடனே. ஒருவனிடம் மட்டும். அந்த ஆசை வந்த வேகத்தைக் கண்டு அவளே பயந்துபோனாள். வெளியே வந்து, சந்திப்புக்காகக் கொடுத்திருந்த எண்ணை முதல்முறையாக அழைத்தாள். எடுப்பானா...

“ஹலோ.”

“சிம் நாரே பேசறேன்.”

அவன் துண்டிக்கவில்லை.

“மத்தியானம் வர முடியல. இப்போ முடியும். நாம வந்து இறங்கின பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு நூடுல்ஸ் கடை இருக்கு. கடை மூடற வரைக்கும் அங்க உக்காந்திருப்பேன். நீங்க வரணும்னு சொல்லல. நான் இருப்பேன், அவ்வளவுதான்.”

“கம்ஜா?”

‘வந்தா சொல்றேன்’ என்பது நாக்குவரை வந்தது. அது பேரம் பேசுவது. இன்றைக்கு மறைத்தவரை போதும்.

“நல்லா இருக்கா. ரெண்டும் வெளிய வந்திருச்சு. தண்ணி குடிச்சா.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு இணைப்பு அறுந்தது.

இனி அவன் வருவதற்குக் காரணமே இல்லை.

கடையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். மாணவர்கள் வந்தார்கள். ஒரு குடும்பம் வந்தது, சாப்பிட்டது, போனது. கடைக்கார அக்கா இரண்டு முறை வந்து, “என்ன வைக்கட்டும்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவன் மத்தியானம் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்... பூவை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல். அதை நினைத்தபோதுதான், தான் செய்தது என்னவென்று அவளுக்கு முழுசாக விளங்கியது.

கதவு திறந்தது.

தலையிலும் தோளிலும் பனியோடு அவன் நின்றான். வந்து எதிரில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பையில் தண்ணீர் ஊற்றினான்.

“கோவம் போகல,” என்றான்.

“போகவேண்டாம்.”

“எங்கக்கா, அந்தப் பொண்ணோட இனிமே பேசாதன்னு சொல்லியிருக்கா.”

“எங்கம்மாவும்தான்.”

“அப்போ எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்.” அவள் கைகளை மேசைக்கடியில் கோத்துக்கொண்டாள். “பேரச் சொல்லாதது தப்பு. முதல்ல வெக்கம். அப்புறம் பயம். நீங்க பெட்டியத் திருப்பிக் குடுத்துருவீங்கன்னு. ஆனா அதவிடப் பெரிசா ஒண்ண மறச்சிருக்கேன்.”

அவன் நிமிர்ந்தான்.

“வழி திறந்துருச்சுன்னு வண்டியெல்லாம் நகர ஆரம்பிச்சுதே... அப்போ எல்லாரும் அப்பாடான்னாங்க. எனக்கு... இன்னும் கொஞ்ச நேரம் நிக்கக்கூடாதான்னு இருந்துச்சு. கம்ஜா அப்படிக் கெடக்கறா. ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு உயிர். அது தெரிஞ்சும், வண்டி போயிட்டா நீங்க இறங்கிப் போயிடுவீங்களேன்னு... ஒரு நிமிஷம் அப்படி நெனச்சேன். அதுக்கப்புறம் என் மூஞ்சியிலயே எனக்கு முழிக்கப் பிடிக்கல. ரெண்டு வருஷமா அவளத் தவிர யாரும் வேண்டாம்னு இருந்தவ நான். உங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன். இது என்னன்னு எனக்குத் தெரியல... தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

கடைக்கார அக்கா மூன்றாவது முறையாக வந்து நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

சான்ஹா கோப்பையை நகர்த்தினான். மறுபடி நகர்த்தினான்.

“நீங்க ஒரு நிமிஷம்தான் நெனச்சீங்க,” என்றான் கடைசியில். காதுவரை சிவந்திருந்தான். “நான் எஞ்சின் முதல் தடவ அணைஞ்சதுலேர்ந்து நெனச்சுக்கிட்டிருந்தேன்.”